மண்சுவர் பழக: பயிற்சிப் பட்டறையா, தங்கி உழைப்பதா, ஊர் மேசனா?

திருகோணமலையில் இருந்துகொண்டு மண் கட்டுமானம் பழக நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. காசு கட்டி ஒரு கிழமைப் பயிற்சிப் பட்டறைக்குப் போகலாம். இயற்கையோடு ஒட்டி வாழும் ஒரு குடியிருப்பில் இரண்டு மூன்று மாதம் தங்கி, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ஈடாக வேலை செய்யலாம். இல்லையென்றால் தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் மண்வேலை மறக்காத ஒரு மேசனுக்குக் கையாளாகச் சேரலாம். இங்கே தெரிவுசெய்தது இரண்டாவது வழி. அதனால் தராசு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

செலவுக் கதையை நீட்டத் தேவையில்லை. பட்டறையில் காசு போய் நாள் மிஞ்சும், தங்கி உழைத்தால் நாள் போய்க் காசு மிஞ்சும், மேசனிடம் நாட்கூலியே கிடைக்கும். சீமெந்து கலந்து இயந்திரத்தில் அமுக்கும் மண்கல், வளைவு, குவிமாடம் இவைதான் வேண்டுமென்றால் பட்டறைக்கே போங்கள். தமிழ்நாட்டில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் 1989இல் தொடங்கிய ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் இதில் பெயர் பெற்றது. ஏறக்குறைய ஐந்து வீதம் சீமெந்து, நான்கு கிழமை நனைத்துப் பதப்படுத்தல் என்று எல்லாம் கணக்காகச் சொல்லித் தருவார்கள். அந்தக் கல்லில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. ஆகவே இனி வருவதெல்லாம் பச்சை மண், அதாவது சீமெந்து கலக்காத, சுடாத மண் சுவரைப் பற்றியது.

என் கணக்கில் இந்த மூன்றையும் பிரிப்பது ஒரே கேள்விதான்: மாரி முடிந்த பிறகு சுவரைத் திருத்த எங்கே பழகலாம்?

எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசியில் தொடங்கித் தைக்குள் கொட்டித் தீர்க்கிறது. சுவர் கரைவது பெரும்பாலும் அடியில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள். தாழ்வாரத்திலிருந்து விழும் தண்ணீர் தெறித்துத் தெறித்து அந்த இடத்தை அரிக்கும். அத்திவாரக் கல் தரைக்கு மேல் ஒன்றரை அடியும், கூரை சுவருக்கு வெளியே இரண்டரை மூன்று அடியும் நின்றால் அரிப்புக் குறையும், அடியோடு நிற்காது. ஆண்டுக்கு ஒருமுறை கை வைத்தே ஆகவேண்டும்.

பட்டறையில் கட்டுவது எப்போதும் புதுச் சுவர். எட்டாம் நாள் படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தச் சுவர் காய்ந்து வெடித்ததா, மழையில் எந்த மூலை முதலில் போனது என்பது அங்கே தங்கி இருப்பவருக்குத்தான் தெரியும். பழைய சுவரையும் காட்டித் திருத்தவிடும் பட்டறை எங்காவது இருக்கலாம். இருந்தால் இந்த வாதத்தில் பாதி அடிபட்டுப் போகும்.

திருத்த வேலை என்றால் இதுதான். விரல் முட்டியால் பூச்சைத் தட்டிப் பாருங்கள். வெறுமையாகச் சத்தம் கேட்கும் இடமெல்லாம் சுவரை விட்டுக் கழன்றது. தயவுதாட்சணியம் இல்லாமல் சுரண்டி எடுக்கவேண்டும். உறுதியான மண் தெரிந்ததும் ஆணியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கால்மணி இடைவெளி விட்டு மூன்று தரம் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த சுவரில் நேரே பூசினால் பூச்சின் ஈரத்தைச் சுவர் உறிஞ்சிவிடும், மறுநாள் பாளமாகக் கழன்று வரும். பிறகு கஞ்சிப் பதத்தில் களிக் கரைசலைத் தேய்த்து, அது காய்வதற்குள் முதற்பூச்சு: களிமண் ஒரு வாளிக்கு மணல் இரண்டரை வாளி, இரண்டு அங்குலமாக நறுக்கிய வைக்கோல் நன்றாக. கனம் முக்கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது. பள்ளம் ஆழமென்றால் உடைந்த மண்கல்லை நனைத்து அடைத்துவிட்டு மேலே பூசவேண்டும். ஒரே மூச்சில் மண்ணால் நிரப்பினால் அது சுருங்கி ஓரமெல்லாம் விடும். முதற்பூச்சு நன்றாகக் காய்ந்தபின் அரித்த மண்ணும் சாணகமும் கலந்து மெல்லிய இரண்டாம் பூச்சு.

அளவும் மண்ணுக்கு மண் மாறும். அதனால் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று முழச் சதுரமாக மூன்று துண்டு பூசிக் காயவிடுங்கள். வெடித்தது களி கூடியது. கையால் தடவத் தூளாக உதிர்வது மணல் கூடியது.

ஊர் மேசனிடம் இதெல்லாம் கிடைக்காதா? கிடைக்கலாம். வரிச்சுக் கட்டி மண் அப்புவதில் அவர் கை ஓடுவதுபோல வேறு யாருக்கும் ஓடாது. நம் மண்ணும் அவருக்கு அத்துப்படி. ஆனால் வேலை இல்லாமலே பல வருடம் போய்விட்டதால், சுவர் கரைகிறது என்று சொன்னதும் அவர் தேடுவது சீமெந்துப் பையைத்தான். மண்சுவருக்குச் சீமெந்துப் பூச்சு எமன். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் மண் ஊறி, ஒருநாள் சுவரோடு பெயரும். உண்மையில் ஊரில் இந்த அறிவை வைத்திருந்தவர்கள் வீடு மெழுகிய பெண்கள். தைப்பொங்கலுக்கு முன் மெழுகும் வழக்கம் மாரிச் சேதம் பார்க்கும் நாளோடு பொருந்துவதைக் கவனியுங்கள். ஓர் அப்பாச்சி மெழுகும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பது எந்த வழியில் போகிறவருக்கும் இலவச வகுப்பு.

தங்கி உழைப்பதிலும் ஏமாற்றம் உண்டு. வழக்கமான ஒப்பந்தம் நாளுக்கு ஐந்து மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள். பேசிக்கொள்ளாமல் போனால் அந்த இருபத்தைந்து மணித்தியாலமும் வெங்காயம் உரிப்பதிலும் கன்றுக்குத் தண்ணீர் விடுவதிலும் கழியும். கிழமைக்கு இத்தனை நாள் சுவர்வேலை என்று போகமுன்பே எழுத்தில் கேளுங்கள். கூடவே, மூன்று மாரி கண்ட சுவர் அங்கே இருக்கிறதா, அதைத் திருத்துவது யார் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார்க்கலாம். இந்தியாவுக்குப் போவதென்றால் இப்படித் தங்கி வேலை செய்ய எந்த விசா என்பதைப் பயணச்சீட்டு எடுக்கமுன் தெளிவாக்க வேண்டும்.

ஆரோவில் பக்கம் போகும் தமிழருக்கு ஒரு வசதி, வெளிநாட்டுத் தொண்டர்களுக்கு இல்லாதது. அங்கே சுவர் எழுப்புகிறவர்களில் பலர் சுற்றுக் கிராமத்துக் கொத்தனார்கள். மற்றவர்கள் சைகையில் கேட்பதை நாம் வாயால் கேட்கலாம். கிடுகு கீற்றாகும், சாணகம் சாணியாகும், நீர்மட்டம் ரசமட்டமாகும், அவ்வளவுதான். பெருமழைக்காலமும் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றே. மலைநாட்டில் இரண்டு பருவமும் நனைப்பதால் இந்த நாட்காட்டி அங்கே பொருந்தாது.

ஆகவே தை நடுவில் போய்ச் சேருங்கள். சேதம் கண்ணெதிரே இருக்கும், மாசி பங்குனியில் திருத்தமும் புது மண்கல் அறுப்பும் நடக்கும், சித்திரை வருடப் பிறப்புக்கு ஊர் திரும்பலாம். வந்ததும் அங்கே பழகிய அளவை அப்படியே போடவேண்டாம். அது செம்மண், இங்கே வயல்மண்ணில் களி கூட. போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி ஒருநாள் வையுங்கள். அடைந்த மண் பத்துச் சென்ரிமீற்றர் என்றால் மேலே நிற்கும் களி இரண்டு அளவில் இருப்பது சுவருக்கு நல்லது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்தார் கடல்மணலைத் தொடவே வேண்டாம். உப்புப் பூத்துப் பூச்சு உரியும்.

கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கிய பிறகு மண்கல் அறுத்தால் இன்னொரு தொல்லை. அந்தக் காற்றுக்கு மேல்தோல் ஒரே நாளில் காய்ந்து நடுவே வெடிக்கும். முதல் மூன்று நாள் கிடுகால் மூடி நிழலில் படுக்கையாக வைத்து, பிறகு நிமிர்த்தி, மூன்று நான்கு கிழமை விட்ட பின்னரே சுவருக்கு எடுக்கவேண்டும். ஒன்றை உடைத்துப் பாருங்கள்: நடுவில் நிறம் கருத்திருந்தால் இன்னும் காயவில்லை.