தகட்டுக்குப் பதம் ஏற்றிய பிறகு: என் சக்கிமுக்கித் துப்பாக்கி

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமசுக்குப் பிறகு வரும் மான் வேட்டைப் பருவத்துக்கு நண்பர் ஒருவர் தயாராகிறார். குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளில் முதலில் எதை வாங்குவது என்று கேட்டார். என்னுடையது பழுது நீங்கித் திரும்பி வந்த வாரத்தில் கேட்டது அவருடைய துரதிர்ஷ்டம்.

1974 முதல் நடக்கும் அந்தப் பருவத்தில் சக்கிமுக்கிக் கல்லால் தீ மூட்டும் ஃபிளின்ட்லாக் மட்டுமே செல்லும். என்னிடம் இருப்பது .50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்), ஹாக்கன் என்ற பழைய அமெரிக்கத் துப்பாக்கியின் பாணி, தொழிற்சாலைத் தயாரிப்பு. குழலைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. துணியில் பொதிந்த ஈய உருண்டையைக் குறி வைத்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சுத்தம் செய்வது பெரும்பாடு என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். கரிமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும் என்பதும், அன்றே கழுவியாக வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் குழலைக் கட்டையோடு பிணைக்கும் ஆப்பை உருவினால் குழல் தனியே கழன்று வருகிறது. அதன் அடியை வெந்நீர் வாளியில் நிறுத்தி, கோலில் துணி சுற்றி ஏற்றி இறக்கினால் தண்ணீர் தானே உறிஞ்சப்பட்டு வெளியேறுகிறது. எனக்கு அது பிடித்த வேலையாகவே ஆகிவிட்டது.

என் கோபமெல்லாம் ஃபிரிசன் என்கிற எஃகுத் தகட்டின் மீது. கல் வந்து மோதும்போது இந்தத் தகட்டிலிருந்து மெல்லிய சீவல்கள் பெயர்ந்து எரிய வேண்டும். குழலுக்குப் பக்கத்தில் சிறிது மருந்து வைக்கும் கிண்ணியில் விழும் தீப்பொறி அதுதான். தகடு மென்மையாக இருந்தால் கல் அதில் பள்ளம் பறிக்குமே தவிரப் பொறி வராது. என்னுடையது வெண்ணெயாக இருந்தது. பத்தடி தூரத்தில் மான் நிற்கிறது, 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விற்றவர்கள் முதலில் கல்லைக் குறை சொன்னார்கள், பிறகு மருந்தை. உத்தரவாதம் குழலுக்கு உண்டாம். தீப்பிடிப்பதற்கு இல்லை போலும். கடைசியில் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவர் தகட்டைக் கரியூட்டிக் கடினமாக்கிக் கொடுத்தார். ஒரு நாள் வேலை. இதைத் தொழிற்சாலையிலேயே செய்திருக்கக் கூடாதா?

இப்போது பொறி கொட்டுகிறது. கிண்ணியில் தீ எழுவதற்கும் குழலுக்குள் மருந்து பற்றுவதற்கும் இடையே ஒரு சிறு தாமதம் உண்டு. அதுவரை கண்ணிமைக்காமல் குறியைப் பிடித்து நிற்கப் பழகியதில், மற்றத் துப்பாக்கிகளையும் நான் நன்றாகச் சுடுகிறேன். வேறு எந்தக் கருவியும் எனக்கு இதைக் கற்றுத் தரவில்லை.

இருந்தாலும் நண்பருக்கு இதை நான் சிபாரிசு செய்யவில்லை. கல்லுக்குப் பதில் 209 பிரைமர் என்ற தட்டினால் தீப்பிடிக்கும் சிறு மூடியில் இயங்கும், மருந்துக்கு நேர் பின்னாலிருந்தே தீ பாயும் இன்லைன் வகைத் துப்பாக்கி ஒன்றை வாங்கி, அக்டோபரில் கொம்பில்லாத மானுக்கென்று உள்ள பருவத்தில் தொடங்கட்டும். அதற்குப் பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்தே போதும். ஃபிளின்ட்லாக்கில் அது எளிதில் பற்றாது. அசல் கரிமருந்துதான் வேண்டும், அது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. டிசம்பர் பனியில்தான் இறங்குவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், குழல் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, கடையிலேயே கல்லைப் பிடித்திருக்கும் குதிரையை ஏற்றி விடச் சொல்லிப் பொறி விழுகிறதா என்று பார்க்கட்டும். பொறி விழாததைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம். என்னுடையதை விலைக்குக் கேட்டிருக்கிறார், தருவதாக இல்லை.