காண்டாமிருக வண்டைக் கட்டுப்படுத்த வைரஸா, பூஞ்சையா?

தென்னையின் குருத்தைத் துளைக்கும் இந்த வண்டு 1909-ல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளோடு சமோவாவுக்குக் கப்பலேறி, அப்புறம் பசிபிக் தீவுகள் பலவற்றையும் பிடித்துக்கொண்டது. இந்த வண்டைத் தாக்கும் வைரஸ் ஒன்றை 1963-ல் மலேசியாவில் ஹூகர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் கண்டுபிடித்தார்; அதை 1967-ல் சமோவாவில் விட்டார்கள். அதன் அழகே, ஆளே தேவையில்லை என்பதுதான்: நோயுற்ற வண்டு உடனே சாகாது, பறந்துபோய், தான் முட்டையிடும் எருக்குழிகளிலும் துணை வண்டுகளிடமும் வைரஸைப் பரப்பிக்கொண்டே, தானும் குறைவாகத் தின்று முட்டையும் குறைவாக இடும். ஒருமுறை விட்டால் அதுவே ஊர் சுற்றும்.

பச்சை மஸ்கார்டைன் பூஞ்சை அப்படியில்லை. எருக்குழியில் நாம்தான் கலக்க வேண்டும், ஈரமும் வேண்டும். தானாக அதிக தூரம் போகாது. ஆனால் குழியிலிருக்கும் புழுக்களை நன்றாகவே கொல்லும்.

நான் வைரஸ் பக்கம்தான் சாய்வேன், ஆனால் ஒரு சிக்கல். 2007-ல் பசிபிக் தீவான குவாமில் தலைகாட்டிய, இதே வண்டின் வேறொரு வகைக்கு வழக்கமான வைரஸ் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அங்கே பூஞ்சையையும், வண்டு பெருகும் மட்கிய குப்பையை அகற்றுவதையும்தான் நம்ப வேண்டியிருந்தது. நம்மூரில் ஒன்றிரண்டு எருக்குழி வைத்திருப்பவருக்கு, சரி, பூஞ்சையே போதும்.