கால்பந்து மைதானத்தில் நாற்காலியா, கம்பி பிடித்து நிற்பதா?

கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவில் தடுப்போரம் நின்றவர்களுக்குத் தெரியும்: பின்னால் ஒரு தள்ளு, முன்வரிசை நசுங்கிவிடும். இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் 1989-இல் வேலியடைப்புக்குள் அளவுக்கு மீறி ஆள் விட்டதில் 97 பேர் இறந்தார்கள். அப்புறம் பெரிய கால்பந்து மைதானங்களில் எல்லாருக்கும் நாற்காலி என்றானது.

வயதானவர்களுக்கு அது சரி. ஆனால் கோல் விழும்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? எழுந்து குதித்தால் முன்னால் இருப்பது தாழ்வான நாற்காலி முதுகுதான். தடுக்கி விழ அது போதும்.

பாதுகாப்பாக நிற்கும் பகுதியில் வரிசைக்கு வரிசை இடுப்பளவு கம்பி, மடக்கும் இருக்கை, ஆளுக்கு ஓர் இடம். தள்ளினாலும் முன்வரிசைக்குப் போகாது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் செல்டிக் கால்பந்து அணி 2016-இல் இதை வைத்தது. இங்கிலாந்தில் 2022-இல் சோதனை தொடங்கியது.

என் ஓட்டு கம்பிக்கு. அப்பாவோடு போனால் மட்டும் நாற்காலி.