‘வெரி’, ‘டூ’, ‘இனஃப்’, ‘குவைட்’: எதை எங்கே போடுவது?

ஆங்கிலத்தில் ஒரு பெயரடைக்கு அழுத்தம் கொடுக்க வேண்டுமென்றால் நம்மில் பலருக்கும் முதலில் வாயில் வருவது ‘வெரி’. தப்பில்லை. ஆனால் அதே இடத்தில் உட்கார ‘டூ’, ‘ஸோ’, ‘இனஃப்’, ‘குவைட்’ என்று இன்னும் சில வினையடைகளும் இருக்கின்றன. ஒன்று செய்கிற வேலையை மற்றொன்று செய்யாது.

டீயையே எடுத்துக்கொள்வோம். ‘தி டீ இஸ் வெரி ஹாட்’ என்றால் டீ நல்ல சூடு, அவ்வளவுதான். குடிக்கலாமா கூடாதா என்று அந்த வாக்கியம் எதுவும் சொல்லவில்லை. ‘தி டீ இஸ் டூ ஹாட்’ என்றதும் தீர்ப்பு வந்துவிடுகிறது: சூடு அளவுக்கு மீறிவிட்டது, இப்போது வேண்டாம். அதனால்தான் ‘டூ ஹாட் டு ட்ரிங்க்’ என்று அது நீள்கிறது. ‘குடிக்க முடியாது’ என்ற பொருள் அதற்குள்ளேயே இருப்பதால் தனியாக ‘நாட்’ போட வேண்டியதில்லை.

தமிழில் ‘ரொம்பச் சூடு’ என்றே இரண்டையும் சொல்லிவிடுகிறோம். மீதியைக் குரல் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தில் வேலை கிடைத்த சந்தோஷத்தோடு ‘ஐ ஆம் டூ ஹாப்பி டு ஜாயின்’ என்று மெயில் அனுப்பினால், படிப்பவருக்கு ஒரு கணம் குழப்பம் வரும்: சந்தோஷம் தாங்காமல் இவரால் சேர முடியவில்லையா? அங்கே ‘வெரி ஹாப்பி’தான் சரி. ‘ஒன்லி டூ ஹாப்பி டு ஹெல்ப்’ என்று ஆங்கிலேயர் சொல்வதுண்டு. அது ‘மிக விருப்பத்தோடு’ என்ற பொருளில் வரும் தனி வழக்கு. ‘டூ குட்’ என்று பாராட்டுவது இந்திய ஆங்கிலத்தில் சகஜம். நண்பர்களுக்குள் பரவாயில்லை, தேர்விலும் விண்ணப்பத்திலும் வேண்டாம் என்பேன்.

‘டூ’வுக்கு நேர் எதிரே நிற்பது ‘இனஃப்’. ‘டூ யங் டு வோட்’ என்றால் வயது போதாது. ‘ஓல்ட் இனஃப் டு வோட்’ என்றால் வயது வந்துவிட்டது. கவனிக்க வேண்டியது இடம்தான். மற்றவை எல்லாம் பெயரடைக்கு முன்னால் வர, ‘இனஃப்’ பின்னால் போய் நிற்கிறது. ‘இனஃப் ஓல்ட்’ என்பது தவறு. பெயர்ச்சொல் என்றால் மட்டும் ‘இனஃப் சுகர்’ என்று பெரும்பாலும் முன்னால் வரும். இந்த இரண்டையும் ஜோடியாகப் படிப்பது நல்லது. தனித்தனியாகப் படித்தால் ‘டூ’ கடைசிவரை ‘வெரி’யோடு குழம்பிக்கொண்டே இருக்கும்.

‘ஸோ’ விளைவைக் கூடவே கூட்டிவரும்: ‘ஸோ ஹாட் தட் ஐ பர்ன்ட் மை டங்’. பெயரடைக்குப் பின்னால் பெயர்ச்சொல்லும் வந்தால் ‘சச்’: ‘சச் எ ஹாட் டே’. இதில் அதற்கு மேல் பெரிய சிக்கல் இல்லை.

உண்மையான சிக்கல் ‘குவைட்’டில். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘குவைட் குட்’ என்றால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்ற அளவுதான். அமெரிக்கர் சொன்னால் அநேகமாக நிஜமான பாராட்டு. ஆனால் ‘குவைட் இம்பாசிபிள்’ என்றால் இரு நாட்டிலும் ‘முற்றிலும் முடியாது’தான். காரணம் பெயரடையில் இருக்கிறது. ‘குட்’, ‘ஹாட்’, ‘டயர்ட்’ போன்றவற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். ‘இம்பாசிபிள்’, ‘எக்ஸலன்ட்’, ‘ஃப்ரீசிங்’ ஏற்கெனவே உச்சியில் இருப்பவை. அதனால்தான் ‘வெரி எக்ஸலன்ட்’ ஒட்டாமல் நிற்கிறது, ‘அப்ஸல்யூட்லி எக்ஸலன்ட்’ இயல்பாக இருக்கிறது. இரண்டு வகைக்கும் ஒத்துப்போவது ‘ரியலி’. பேச்சில் சந்தேகம் வந்தால் அதைத் தைரியமாகப் போடலாம்.

‘வெரி’க்கும் எல்லை உண்டு. ‘பெட்டர்’, ‘பிக்கர்’ போன்ற ஒப்பீட்டு வடிவங்களுக்கு முன்னால் அது வராது. ‘மச் பெட்டர்’, ‘ஃபார் பிக்கர்’ என்றுதான் சொல்ல வேண்டும். வினைச்சொல்லையும் அது நேராகத் தொடாது. ‘ஐ வெரி லைக் இட்’ இல்லை, ‘ஐ லைக் இட் வெரி மச்’.

அப்புறம், விதியே இல்லாமல் பழக்கத்தால் ஒட்டிக்கொண்ட ஜோடிகள் இருக்கின்றன. கடுங்குளிருக்கு ‘பிட்டர்லி கோல்ட்’, ஆழ்ந்த தூக்கத்துக்கு ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’, துளியும் தூக்கம் இல்லாவிட்டால் ‘வைட் அவேக்’. ‘வெரி அஸ்லீப்’ என்று யாரும் சொல்வதில்லை. இவற்றுக்காக நேரம் செலவிடுவதுதான் அதிகப் பலன் தரும் என்பது என் கருத்து. ஆங்கிலம் பேச்சில் இயல்பாக விழுவது இந்த ஜோடிகளால்தான். புதிய பெயரடை ஒன்று கண்ணில் பட்டால் பொருளோடு அதன் ஜோடியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஹைலி’ என்ற சொல் ‘சக்ஸஸ்ஃபுல்’, ‘லைக்லி’ ஆகியவற்றோடு சேரும். ‘ஹாப்பி’யோடு சேராது. உயரத்தைச் சொல்லும் ‘டால்’ உடனும் சேராது.