இறுகிய தசைக்கு எது: ஒத்தடமா, நீட்சியா, ரோலரா, எடையா?

பின்தொடை இறுகிக் கிடக்கிறது என்று சொல்லும் இரண்டு பேரை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் ஒரு காலை மட்டும் தூக்கிப் பாருங்கள். ஒருவருக்கு 50 டிகிரியிலேயே கால் நின்றுவிடும். இன்னொருவருக்கு 90 டிகிரி வரை சிரமமில்லாமல் வரும். ஆனாலும் இறுக்கம் என்பார். முதலாமவருக்குத் தசை நீள மறுக்கிறது. இரண்டாமவருக்கு நீளம் போதுமான அளவு இருக்கிறது. இடுப்பு முன்பக்கம் சரிந்திருப்பதால் தசை நாளெல்லாம் இழுபட்டு நிற்கலாம், பலம் போதாமல் திணறலாம், நரம்பே உரசப்பட்டிருக்கலாம். இருவருக்கும் ஒரே ஸ்ட்ரெட்ச்சைச் சொல்லிக்கொடுத்தால் முதலாமவர் தேறுவார், இரண்டாமவர் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருப்பார்.

நரம்பா தசையா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. நாற்காலியில் முதுகைக் கூனி, தலையைக் குனிந்து உட்காருங்கள். ஒரு முட்டியை மெல்ல நீட்டி, பின்தொடையில் இழுவை தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். காலை அசைக்காமல் தலையை மட்டும் நிமிர்த்துங்கள். இழுவை சட்டென்று குறைந்தால் நரம்பின் மேல் சந்தேகம் வர வேண்டும்; பின்தொடைத் தசை கழுத்துவரை போவதில்லை, நரம்பு மண்டலம்தான் போகிறது. அப்படிப்பட்டவர்கள் கீழே சொல்லும் நீட்சிகளில் இறங்காமல் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்ப்பது நல்லது. உரசப்பட்ட நரம்பை நீண்ட நேரம் இழுத்துப் பிடித்தால் எரிச்சல் கூடும்.

சூடும் குளிரும்

வேலை செய்து களைத்த கழுத்து, காலையில் விறைத்த இடுப்பு ஆகியவற்றுக்குச் சூடு. இப்போதுதான் சுளுக்கி வீங்கிய இடத்துக்கு முதல் 48 மணி நேரம் சூடு ஆகாது. வலி தாங்கவில்லை என்றால் துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். குளிர் நரம்பின் வேகத்தைக் குறைத்து வலியை மட்டுப்படுத்துகிறது, ஆனால் திசுவை விறைப்பாக்கவும் செய்கிறது. ஐஸ் வைத்த கையோடு ஸ்ட்ரெட்ச் செய்வது அதனால்தான் ஆபத்து: மரத்துப்போன தசை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லாது.

பிசியோதெரபி அறையில் ஹாட் பேக் 70 முதல் 75 டிகிரி செல்சியஸ் நீரில் ஊறிக் கிடக்கும். அதை 6 முதல் 8 மடிப்புத் துண்டில் சுற்றித்தான் உடம்பில் வைப்பார்கள், 15 முதல் 20 நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் பேக்கைத் தூக்கித் தோலைப் பார்ப்பது வழக்கம்; இதமான சூட்டைத் தாண்டி சுரீரென்று இருந்தால் இன்னொரு மடிப்பு சேர்க்க வேண்டும். ஹாட் பேக்கின் மேல் படுப்பதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. உடல் எடையில் துண்டு நசுங்குகிறது, சூட்டைக் கடத்திச் செல்ல வேண்டிய இரத்த ஓட்டமும் அமுங்குகிறது. கொப்புளம் அப்படித்தான் வருகிறது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் அங்கே சூடு வைக்கவே கூடாது.

மேலே வைக்கும் சூடு ஏறத்தாழ 1 முதல் 2 சென்டிமீட்டர் ஆழம்வரைதான் போகும். கழுத்துக்கும் முன்கைக்கும் இது போதும். புட்டத்தின் அடியில் இருக்கும் பைரிஃபார்மிஸ் போன்ற தசைக்கு இந்தச் சூடு எட்டாது.

பிடித்து நிறுத்துவதா, இறுக்கித் தளர்த்துவதா

நீட்சியில் இரண்டு வழிமுறைகள். ஒன்று, இழுவை தெரியும் இடத்தில் அப்படியே நிற்பது. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 10 முதல் 30 வினாடி, வயதானவர்களுக்கு 30 முதல் 60 வினாடி. ஒவ்வொரு நீட்சிக்கும் மொத்தம் 60 வினாடி சேர வேண்டும், வாரத்தில் குறைந்தது 2 அல்லது 3 நாள். தனியாகச் செய்யலாம், தவறு செய்ய இடம் குறைவு. ஓட்டத்துக்கோ தாண்டுதலுக்கோ சற்று முன்பு ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து வைத்தால் மட்டும் கொஞ்ச நேரம் அதன் பலம் இறங்கும்.

மற்றொன்று பிஎன்எஃப் (நரம்பு-தசை உணர்வைத் தூண்டும்) முறையின் இறுக்கித் தளர்த்தும் நீட்சி. 1940களில் ஹெர்மன் காபாட் என்ற மருத்துவரும் மார்கரெட் நாட் என்ற பிசியோதெரபிஸ்ட்டும் நரம்புப் பாதிப்பால் அசைவு குறைந்தவர்களுக்காக உருவாக்கிய சிகிச்சையிலிருந்து வந்தது. ஒரே அமர்வில் பலன் பார்க்க வேண்டுமானால் எங்கள் தேர்வு இதுதான். பின்தொடைக்கு இப்படிச் செய்ய வேண்டும்:

மல்லாக்கப் படுத்து, நீளமான பெல்ட்டைப் பாதத்தின் நடுவில் மாட்டுங்கள். மறுகால் தரையில் நீண்டிருக்கட்டும். முட்டியை நேராக வைத்துக் காலை மேலே இழுத்து, இழுவை பத்துக்கு ஐந்து என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து குதிகாலால் பெல்ட்டைத் தரையை நோக்கித் தள்ளுங்கள். பாதிப் பலம் போதும், கால் நகரக் கூடாது, 5 அல்லது 6 வினாடி. மூச்சை விட்டுக்கொண்டே முழுதாகத் தளர்த்துங்கள். இப்போது கால் இன்னும் சில டிகிரி வரும். அந்தப் புது இடத்தில் 20 முதல் 30 வினாடி. மொத்தம் மூன்று சுற்று.

முழுப் பலத்தில் தள்ளினால் தசை சுருண்டு பிடித்துக்கொள்ளும். பெல்ட் விரல் பக்கம் நழுவினால் கெண்டைக்கால்தான் இழுபடும்; இழுவை முட்டிக்குப் பின்னால் மட்டும் தெரிகிறது என்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். மறுகாலின் தொடை தரையை விட்டு எழும்பினால் இடுப்பு சுழல்கிறது. தசை நீளாமலே கோணம் கூடியதுபோலத் தெரியும்.

தசைநாணில் இருக்கும் கோல்ஜி உணர்விகள் தசையின் இறுக்கத்தை அடக்கிவிடுவதாகத்தான் முன்பு இதற்கு விளக்கம் சொன்னார்கள். இறுக்கத்துக்குப் பின் வரும் அந்த அடக்கம் நொடியில் மறைந்துவிடுகிறது என்று தெரிந்தபின் அந்த விளக்கம் வலுவிழந்துவிட்டது. இழுவையைத் தாங்கும் மூளையின் வரம்பு நகர்வதே பெரும்பங்கு என்று இன்று கருதப்படுகிறது. இந்த விஷயம் பிடித்து நிறுத்தும் முறைக்கும் பொருந்தும், அதனால்தான் சில வாரங்கள் ஒழுங்காகச் செய்தால் இரண்டுக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது.

ரோலர், பந்து, கை, ஊசி

ஃபோம் ரோலர் தசையை நீளமாக்குவதில்லை. கொஞ்ச நேரம் அசைவைக் கூட்டித் தருகிறது, பலத்தைக் குறைக்காமல். பயிற்சிக்கு முன் நீட்சியைவிட இது மேல். ஒரு தசைக்கு 30 வினாடி முதல் 2 நிமிடம், நத்தை வேகத்தில். கீழ்முதுகிலும் முட்டிக்குழியிலும் உருட்டக் கூடாது. தொடையின் வெளிப்பக்கம் ஓடும் ஐடி பேண்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அது தசையே இல்லை, தடித்த நார்ப்பட்டை. உருளைக்கு அது நீளாது. அதற்குச் சற்று முன்னால் இருக்கும் தொடைத் தசையை உருட்டுங்கள், பலன் கிடைக்கும்.

தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இருக்கும் முடிச்சுக்கு ரோலர் பெரிது. சுவருக்கும் முதுகுக்கும் நடுவே டென்னிஸ் பந்தை வைத்து 30 முதல் 60 வினாடி சாய்ந்து நிற்பது எடுபடும். கை மரத்துப்போனால் பந்தை நகர்த்த வேண்டும்.

தேர்ந்த கை தரும் மசாஜ் இவை எல்லாவற்றையும்விட இதம். ஆனால் அழுத்தம் கூடினால் பலன் கூடும் என்பது பொய். படுத்திருப்பவர் மூச்சைப் பிடிக்கிறார், கால்விரலைச் சுருட்டுகிறார் என்றால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகுகிறது. அதற்கு மேல் அழுத்துவது வீண்.

டிரை நீடிலிங் என்ற ஊசி முறை, ஜேனட் டிராவெல், டேவிட் சைமன்ஸ் என்ற மருத்துவர்கள் வரைபடமாக்கிய ட்ரிகர் பாயிண்டுகளை, அதாவது அழுத்தினால் வலிக்கும் தசை முடிச்சுகளை, குறிவைக்கிறது. சரியான இடத்தில் ஊசி பட்டால் தசை ஒருமுறை துள்ளும். அதன்பின் ஓரிரு நாள் வலி இருக்கும். கழுத்தடி, விலாப் பகுதியில் ஊசி ஆழம் தப்பினால் நுரையீரல் உறையைத் துளைத்துவிடலாம். பயிற்சி இல்லாதவர் கையில் இதற்கு இடமே கிடையாது.

எடை தூக்குவதும் தளர்த்துமா?

தளர்த்தும். இந்தப் பட்டியலில் குறைத்து மதிக்கப்படுவது இதுதான். நாளெல்லாம் திரையைப் பார்ப்பவரின் கழுத்தோரத் தசையை, அதாவது மேல் டிரபீசியஸை, அழுத்திப் பார்த்தால் கயிறுபோல் இருக்கும். மசாஜ் செய்தால் மாலைவரை சுகம். மறுநாள் அதே கயிறு. அந்தத் தசைக்குத் தன் வேலைக்கான பலம் இல்லை. டம்பெல்லோடு தோளைத் தூக்கி இறக்குவது, கைகளைப் பக்கவாட்டில் உயர்த்துவது ஆகிய இரண்டை 8 முதல் 12 தடவை வீதம் 3 செட், வாரத்தில் 3 நாள். மாற்றம் தெரியச் சில வாரங்கள் ஆகும். அந்தப் பொறுமைதான் பலரிடம் இருப்பதில்லை.

இறங்கும்போது மெதுவாகச் செய்யும் பயிற்சி தசையின் நீட்சியையும் கூட்டுகிறது. பின்தொடைக்கு ருமேனியன் டெட்லிஃப்ட்: கையில் எடையோடு, முட்டி லேசாக மடிந்திருக்க, இடுப்பைப் பின்னால் தள்ளி 3 அல்லது 4 வினாடியில் இறங்குவது. முதுகு வளையத் தொடங்கும் இடமே எல்லை. கெண்டைக்காலுக்குப் படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்குவது. முட்டி நேராக இருந்தால் மேலே இருக்கும் காஸ்ட்ரோக்னீமியஸும், மடித்தால் அடியில் இருக்கும் சோலியஸும் அதிகம் வேலை செய்யும். முதல் வாரம் பாதி அளவில் தொடங்காவிட்டால் இரண்டு நாள் நொண்ட வேண்டியிருக்கும்; அதைக் காயம் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சூடும் ரோலரும் நீட்சியும் திறந்துவிடும் அசைவு பெரும்பாலும் அரை மணிக்குள் மங்கிவிடும். அந்த இடைவெளிக்குள் எடையைத் தூக்கி, புதிதாகக் கிடைத்த கோணத்தில் தசைக்கு வேலை கொடுத்தால்தான் அது நிலைக்கும். முதலில் எடை, கடைசியில் ஒத்தடம் என்று தலைகீழாகச் செய்தால் கிடைப்பது ஆறுதல் மட்டும்.

தாடையைக் கடிப்பவர்களுக்கு

பதற்றத்தில் பல்லைக் கடித்து, தோளைக் காதுவரை தூக்கி வைத்திருப்பவருக்கு மேலே சொன்னது எதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. அவர்களுக்கு எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் வளர்த்த தசைத் தளர்வுப் பயிற்சி பொருந்தும். அதன் இன்றைய சுருக்க வடிவில் கைமுஷ்டியை 5 முதல் 7 வினாடி இறுக்கி, ஒரேயடியாக விட்டு, 20 முதல் 30 வினாடி அந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பிறகு மேற்கை, நெற்றி, தாடை, தோள் என்று போக வேண்டும். முக்கால் பலத்துக்கு மேல் இறுக்க வேண்டாம், மூச்சைப் பிடிக்கவும் வேண்டாம். தளரும் நேரத்தைச் சுருக்கிவிட்டு அடுத்த தசைக்குத் தாவுவதே வழக்கமான பிழை. பயிற்சியே அந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது.

தசை தளர்த்தும் மாத்திரைகள் கடும் பிடிப்புக்குச் சில நாள் உதவும். தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது, மதுவோடு சேரவே கூடாது. தோல் வழியாக லேசான மின்துடிப்பு தரும் டென்ஸ் கருவி வலியைக் குறைக்கும், இறுக்கத்தை அவ்வளவாகத் தொடாது. பக்கவாதத்துக்குப் பின் வரும் விறைப்பு வேறு கதை: வேகமாக இழுத்தால் மேலும் விறைக்கும். மெதுவான, நீண்ட நீட்சியும், மருத்துவர் போடும், தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியும்தான் அங்கே வழி. ஊசியின் பலன் ஏறத்தாழ 3 மாதம்.

கை வைக்கக் கூடாத இறுக்கமும் உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, அழுத்தினால் வலித்தால், அதிலும் நெடும்பயணத்துக்கோ படுக்கையில் கிடந்ததற்கோ பிறகு என்றால், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்த்தால் இரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், முதுகுப் பிடிப்போடு தொடையிடுக்கு மரத்துச் சிறுநீர் தடைபட்டாலும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு உடம்பெல்லாம் தசை வலித்துச் சிறுநீர் கருத்தாலும் ஒத்தடத்தை எடுத்து வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.