ஹைப்பர்சாக்கெட்ஸ்: கேபிளும் கார்டும் கேட்காத நெட்வொர்க்

ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு வங்கியின் மெயின்பிரேம் (ஐபிஎம்மின் பெரிய சர்வர்) பக்கம் எனக்கு வேலை. ஒரே மெஷினில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டுவது இசட்/விஎம். அதில் ஓடும் லினக்ஸ் கெஸ்டுகள், அதாவது லினக்ஸ் மெய்நிகர் கணினிகள், என் பொறுப்பு. அவை பேசும் டேட்டாபேஸ் அதே பெட்டியில், மெயின்பிரேம் ஓஎஸ்ஸான இசட்/ஓஎஸ் ஓடும் வேறொரு எல்பாரில் (மெஷினைப் பிரித்த தனிப் பகுதி). 25ஆம் தேதி சம்பள நாள். அன்று காலை தாங்குகிறதா என்பதுதான் என் அளவுகோல்.

ஐபிஎம்மின் ஹைப்பர்சாக்கெட்ஸ் தாங்குகிறது. ஒரே மெஷினுக்குள் இருக்கும் எல்பார்களுக்கு நடுவே டேட்டா ஓஎஸ்ஏ என்ற நெட்வொர்க் கார்டு வரை போய்த் திரும்ப வேண்டாம். மெமரியிலிருந்து மெமரிக்கே நகலாகிவிடும். தனியாகக் காசும் இல்லை, மெஷினோடு வருவது. ரேண்ட் போகிற போக்கில், டாலர் விலைக்கு இன்னொரு கார்டு கேட்டு மேலாளர் முன்னால் யார் நிற்பது?

ஆனால் மாட்டிவிட்டுச் சும்மா இருந்தால் பாதிப் பலன்தான். ஃபிரேம் அளவு சிப்பிட் (ஹைப்பர்சாக்கெட்ஸ் ஓடும் சேனல்) வரையறையில் இருக்கிறது. தொடாமல் விட்டால் 16 கேபி, எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 8 கேபி. அந்த வரையறையின் சிஎச்பார்ம் என்ற அளவுருவில் சி0 கொடுத்தால் 64 கேபி, எம்டியூ 56 கேபி. லினக்ஸ் பக்கம் என்ன முட்டினாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது.

எங்கள் ஐஓசிபியை, அதாவது சிப்பிட்களை வரையறுக்கும் இடத்தை, பார்த்துக்கொள்பவர் டர்பன், சாட்ஸ்வொர்த்காரர். தமிழ் பேசுவார், படிக்க வராது. அதனால் தைரியமாக எழுதுகிறேன், ரொம்பக் கறார். "எல்லாத்துக்கும் பெருசா போட்டுடலாம்ணா" என்றதும், "மெமரி யாரு குடுப்பா, தம்பி?" என்றார். கேள்வி சரிதான். கெஸ்டுக்கு, ஆளுக்கொரு ஃபிரேம் அளவில், 128 பஃபர் (டேட்டா வந்து இறங்கும் மெமரி இடம்) என்றால் 16 கேபியில் 2 எம்பி, 64 கேபியில் 8 எம்பி. கெஸ்டுகள் நூறானால் 800 எம்பி! கடைசியில் இரவு பேட்ச் கோப்புகளுக்கு மட்டும் 64 கேபியில் தனி சிப்பிட். சின்னச் சின்னக் கேள்வி, சின்னச் சின்னப் பதில் என்று போகும் ஆன்லைன் வேலைக்கு 16 கேபியே போதும்.

குறை? நகலெடுக்கும் வேலை அனுப்புகிறவரின் பிராசஸர் தலையில் விழுகிறது. ஐஎஃப்எல் (லினக்ஸுக்கென்றே உள்ள பிராசஸர்) ஏற்கெனவே திணறுகிற இடத்தில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். 5க்கு 4.

பெட்டிக்கு வெளியே போக ஹைப்பர்சாக்கெட்ஸ் மட்டும் போதாது. அதற்கு வழக்கமான வழி விஸ்விட்ச், இசட்/விஎம்முக்குள் இருக்கும் மெய்நிகர் ஸ்விட்ச். 2003இல் இசட்/விஎம் 4.4 அதைக் கொண்டுவரும் வரை, ரவுட்டர் வேலைக்கென்றே ஒரு கெஸ்டை உட்கார வைத்தார்கள். விஸ்விட்சில் 8992 எம்டியூ வைக்க நினைப்பவர்கள் முதலில் வெளி ஸ்விட்ச் ஜம்போ ஃபிரேமை (வழக்கத்தைவிடப் பெரிய ஃபிரேம்) விடுகிறதா என்று நெட்வொர்க் ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.