மனநல மருத்துவரா, உளவியலாளரா, 14416 உதவி எண்ணா: ஆண்கள் எங்கே தொடங்கலாம்?

நெஞ்சை அடைக்கிறது என்று பதறிப்போய் ஈசிஜி எடுத்து, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பப்பட்ட ஆண்கள் பலருக்கு, அது மனநெருக்கடியாக இருக்கலாம் என்றோ, அதற்கு யாரைப் பார்ப்பது என்றோ தெரிவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஆண்கள்.

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு செலவின்றி அவரைப் பார்த்துவிடலாம். ஆனால் கூட்டத்துக்கு நடுவே கிடைப்பது சில நிமிடங்களே. மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும் என்பதை அறியாமல், நான்காம் நாளே நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

உளவியலாளர் மருந்து எழுதமாட்டார். ஆனால் 45 முதல் 50 நிமிடங்கள் உட்கார்ந்து கேட்பார். முதல் சந்திப்பில் பெரும்பாலும் கேள்விகள்தான்: தூக்கம் எப்படி, குடி எவ்வளவு, கோபம் யார்மீது பாய்கிறது, கடன் இருக்கிறதா. கடந்த இரண்டு வார நிலையைப் பற்றிய ஒன்பது கேள்விகள் கொண்ட தாளையும் நிரப்பச் சொல்லலாம். அங்கே அழுதே தீரவேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. அடுத்த வாரத்துக்குள், கோபம் வந்த நேரத்தையும் அப்போது மனத்தில் ஓடியதையும் எழுதிவரச் சொல்வதுண்டு. ஆண்கள் பலருக்கு, மனம்விட்டுப் பேசுவதைவிட இந்த வீட்டுப்பாடம் எளிதாக இருக்கும் என்பது என் எண்ணம். சொன்னது மனைவிக்கோ அலுவலகத்துக்கோ போய்விடுமோ என்ற அச்சத்துக்கு, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பதில் சொல்கிறது: உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் தவிர, இரகசியம் காக்கப்பட வேண்டும். தனியாரிடம் கட்டணம் ஒவ்வொரு அமர்வுக்கும் உண்டு என்பதால், மருத்துவ உளவியலாளருக்கு (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்), தகுதி பெற்றவர்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 எண்ணில், இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். முகம் காட்டத் தயங்குபவருக்கு நள்ளிரவில் இதைவிடச் சிறந்த வழி இல்லை. வாராவாரம் ஒருவரிடமே தொடரும் சிகிச்சைக்கு இது ஈடாகாது.

வேலைக்குப் போய்வந்துகொண்டே, வீட்டில் மட்டும் எரிந்துவிழுபவர் உளவியலாளரிடம் தொடங்கலாம். சாவதைப் பற்றிய எண்ணம் விடாமல் வருபவர் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவரும் முதலில் மருத்துவரைத்தான் பார்க்கவேண்டும். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், அதை எந்தக் கவுன்சலிங்கும் தடுக்காது.